இருபத்தஞ்சாவது தலை

எல்லார்கிட்டயும் கேட்டு முடிச்சிட்டுத்தான் எங்கிட்ட வாரீக. தெரியும் டீச்சர். பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்தீக, பழைய மாணவர் சங்கத்து ஆளுகளைப் பார்த்தீக, டவுன்ல போயி பழைய ஹெட்மாஸ்டர் ஞானதுரை சாரோட சம்சாரத்தைக்கூடப் பார்த்துட்டீகளாம். பார்க்க வேண்டியதுதான். வெள்ளி விழா மலர்ல பள்ளிக்கூடத்துச் சரித்திரம் எழுதணும்னா அவுகளைத்தான் கேக்கணும். நான் யாரு? தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் ஏத்திவிட்ட ஏசண்டு.

பரவாயில்லை, உட்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் நொண்டி. இதுல உட்காருங்க. வீட்டுல ஆள் இல்லை, காப்பித்தண்ணி கிடைக்காது. ஆள் இருந்தா இவ்வளவு பேசவும் முடியாது.

நீங்க கொம்பையாபுரத்துக்கு வந்து எட்டு மாசம் இருக்குமா? உங்களுக்கு இப்பத் தெரியறது மூணு மாடிக் கட்டடம், எழுநூறு பிள்ளைக, பிளஸ் டூ வரைக்கும் வகுப்பு. நான் சொல்றது இது எட்டாங்கிளாஸோட நின்ன காலம். ஓட்டுக் கட்டடம் ஒண்ணு, வேப்ப மரம் ரெண்டு. எழுதிக்கோங்க. இது ஹைஸ்கூல் ஆனது ஞானதுரை சாரால மட்டும் இல்லை. அவர் நல்ல மனுசன், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் பிள்ளைகளைக் குடுக்கலைன்னா அவர் யாரை வச்சு ஹைஸ்கூல் நடத்தியிருப்பாரு? தொண்ணூத்தாறாம் வருசத்து ரிஜிஸ்டர் உங்க ஆபீஸ் பீரோவுல இருக்கும், எடுத்துப் பாருங்க. ஒன்பதாம் வகுப்பு, இருபத்தஞ்சு பேரு. அதுல பதிமூணு பேரு என் பஸ்ல ஏறுன பிள்ளைக. சார் சேர்த்தது பன்னெண்டு. பாதிக்கு மேல நான் குடுத்தது.

பஸ்ஸுன்னா கவர்மெண்டு பஸ் இல்லை டீச்சர். ஆபீஸ் பஸ். காலையில அஞ்சரைக்கு அந்தா, அந்தப் புளியமரத்தடியில வந்து நிக்கும். எங்க ஊர்ல முப்பது பேரு ஏறுவாக. பதினேழு பேரு பெரிய பொம்பளைக. பாக்கி பதிமூணும் எட்டாவது முடிச்ச பிள்ளைக. குச்சி அடுக்கப் போறது, பெட்டி ஒட்டப் போறது. சாயங்காலம் ஆறு, ஆறரைக்குத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிருவோம். பன்னெண்டு வருசம் ஏசண்டா இருந்தேன். என் பஸ்ல வந்த பிள்ளை ஒண்ணுக்கு ஒரு கீறல் விழுந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது. ஒரு பய ஒரு பிள்ளையைப் பார்த்துப் பல்லைக் காட்ட முடியாது. அதனாலதான் பெத்தவங்க நம்பி அனுப்புனாக.

நம்புனதுக்கு இன்னொரு காரணம் என் மக ரெங்கநாயகி. முதல் சீட்டுல அவதான் உட்கார்ந்திருப்பா. ஏசண்டு தன் சொந்த மகளையே ஏத்திவிடும்போது அடுத்தவன் என்ன குத்தம் சொல்லிர முடியும்? நல்ல சூட்டிகையான பிள்ளை. எட்டாவதுல பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்கு. அந்தக் கை ஆபீஸ்லயும் முதல்தான். மத்த பிள்ளைக மூணு சட்டம் குச்சி அடுக்குற நேரத்துல இவ அஞ்சு அடுக்கிருவா. ஆபீஸ் கணக்கப்பிள்ளை எங்கிட்ட சொல்லுவாரு, "கெங்கையா, உம்ம மக மாதிரி பத்துப் பேரைக் குடும்யா, நான் வேற ஊருக்கே பஸ் விட மாட்டேன்"னு. அப்படி ஒரு பேரு வாங்கிக் குடுத்தேன் அவளுக்கு.

முப்பதுங்கறது முக்கியம் டீச்சர், அதைக் குறிச்சுக்கோங்க. முப்பது ஆள் இருந்தாத்தான் எங்க ஊருக்கு பஸ் வரும். குறைஞ்சா நிறுத்திருவாக. கணக்கப்பிள்ளை அதுல கறார்.

இப்படி ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்த வருசம் சூன் மாசம் ஆர்டர் வருது. கொம்பையாபுரம் நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளி ஆகுதுன்னு. ஊர்ல வேட்டு போட்டாக. நானும்தான் போட்டேன். நமக்கென்ன, பள்ளிக்கூடம் பெருசானா ஊருக்குத்தான் பெருமை. வேட்டுச் சத்தம் அடங்குன பிறகுதான் சார் விசயத்தைச் சொல்றாரு. ஆகஸ்டு ஒண்ணாந்தேதி மேல இருந்து ஆபீசர் வந்து தலை எண்ணுவாரு. ஒன்பதாம் வகுப்புல இருபத்தஞ்சு தலை இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஆர்டரை ரத்து பண்ணி வேற ஊருக்குக் குடுத்துருவாக. வடக்க ஒரு ஊர்க்காரன் எம்.எல்.ஏ.வைப் பிடிச்சு வாயைத் திறந்துக்கிட்டுக் காத்திருக்கான்.

ஊர் பூரா அலைஞ்சு சார் சேர்த்தது பன்னெண்டு. ஆம்பளைப் பயக எட்டு, வீட்டுல வசதி இருக்கிற பிள்ளைக நாலு. அதுக்கு மேல ஒன்பதாவது படிக்கிற வயசுல இந்த ஊர்ல வேற யாரும் இல்லை. என் பஸ்ல இருக்கிற பதிமூணுதான் இருக்கு.

பன்னெண்டும் பதிமூணும் எத்தனை டீச்சர்? ஆங். அவருக்கு அத்தனை பேரும் வேணும். எனக்கும் அத்தனை பேரும் வேணும்.

மொதல்ல தன்மையாத்தான் கேட்டாரு. டீக்கடையில வச்சுக் கேட்டாரு. "கெங்கையா, இந்தப் பிள்ளைகளை விட்டுருங்க. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவைதான் இப்படி வரும்"னாரு. நான் சொன்னேன், "சார், நானா பிடிச்சு வச்சிருக்கேன்? பெத்தவுககிட்டக் கேளுங்க." அவர் வீடு வீடாப் போனாரு. அவர் போயிட்டு வந்த வீட்டுக்கெல்லாம் நான் பின்னாலயே போனேன். நான் யாரையும் மிரட்டலை. "உன் பிள்ளை இறங்குனா பஸ்ஸு நிக்கும். பஸ் நின்னா நீயும் உங்க அக்காளும் எதுல போவீக?"ன்னு கேட்டேன். உள்ளதைத்தான சொன்னேன்.

அதுக்குப் பிறகு அவர் ஒரு வேலை பண்ணாரு பாருங்க. அஞ்சரை மணிக்கு இந்தப் புளியமரத்தடிக்கு எட்டாவதுப் பழைய ரிஜிஸ்டரைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தலையில மப்ளர். ஒரு பிள்ளையையும் தடுக்கலை. எங்கிட்டயும் ஒண்ணும் பேசலை. பஸ்ல ஏற ஏற ஒவ்வொரு பேரா வாசிக்கிறாரு. "ச. முத்துக்கனி." எட்டு வருசப் பழக்கம் இல்லையா, அந்தப் பிள்ளை படியில ஒரு காலை வச்சுக்கிட்டே "உள்ளேன் ஐயா"ங்குது. "கா. வேலுத்தாய்." "உள்ளேன் ஐயா." தூக்குச்சட்டியைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுதுக. டிரைவர் சிரிக்கான். கடைசியா, "கெ. ரெங்கநாயகி." என் மக என்னைப் பார்த்தா. நான் பார்த்தேன், அவ்வளவுதான். அவ பதில் சொல்லாம ஏறிட்டா. சார் ரிஜிஸ்டரை மூடிக்கிட்டுப் போயிட்டாரு.

மறுநாளும் வந்தாரு. அதுக்கு மறுநாளும் வந்தாரு. நான் பஸ்ஸை அஞ்சு மணிக்கு வரச் சொன்னேன். அவர் நாலே முக்காலுக்கு வந்து நின்னாரு. ஆடி மாசக் காத்து, மண்ணை வாரி மூஞ்சியில அடிக்குது, மனுசன் அசையலை. ஒரு மாசம் டீச்சர். எனக்குச் சோறு இறங்கலை.

ஆனா ஒண்ணு எங்கையில இருந்தது. டி.சி.

எட்டாவது முடிச்சிட்டு வெளிய வந்த பிள்ளைகளோட டி.சி. பதிமூணும் எங்கிட்டத்தான் இருந்தது. பெட்டிக்குள்ள, பூட்டுப் போட்டு. பெத்தவுக வீட்டுல இருந்தா எலி கடிச்சிரும், மழைத்தண்ணி பட்டுரும், அதுக்காக வாங்கி வச்சேன். லேபர் ஆபீசர் வந்தா வயசு கேப்பாரு, அந்தத் தொந்தரவும் இருக்கு. டி.சி. இல்லாம ரிஜிஸ்டர்ல புதுசாப் பேரு ஏத்த முடியாது. ஞானதுரை சார் குறுக்கு வழிக்குப் போற ஆள் இல்லை. டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட்டாரு. அது மேல போயி வர ரெண்டு மாசம் ஆகும்னுட்டாக.

சூலை கடைசி வாரம் ரெண்டு மூணு தாய்மாருக எங்கிட்ட வந்தாக. முத்துக்கனியோட அம்மா வாசல்ல நின்னு, "அண்ணாச்சி, அந்தக் காகிதத்தைக் குடுத்துருங்க. அது படிக்கணுங்குது, ராவெல்லாம் அழுகுது"ன்னா. "குடுக்கேன் தாயி. குடுத்துட்டு நாளையில இருந்து உனக்கும் பஸ்ல இடம் இல்லைன்னு நான் சொன்னா நீ வருத்தப்படக் கூடாது"ன்னேன். அவ திரும்பிப் போயிட்டா. ரெங்கநாயகி அப்ப உள்ள உட்கார்ந்து அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா.

சூலை முப்பத்தொண்ணு. மறுநாள் ஆபீசர் வாராரு. காலையில பஸ் வந்துச்சு. அன்னைக்கு ஞானதுரை சார் மரத்தடிக்கு வரலை. அப்பவே எனக்கு என்னமோ பட்டது. பொம்பளைக ஏறுனாக. பதினேழு. ரெங்கநாயகி ஏறி முதல் சீட்டுல உட்கார்ந்தா. பதினெட்டு. நான் தெருவையே பார்த்துக்கிட்டு நிக்கேன். டிரைவர் ஆரனை அடிக்கான். ஒரு பிள்ளையும் வரலை.

ரெங்கநாயகி சொன்னா, "அவுக வரமாட்டாகப்பா."

"எங்க போனாளுக?"

"எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போவாக."

"டி.சி. இல்லாம பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுவாளுக?"

"டி.சி. குடுத்துட்டேன். நேத்து நீங்க டவுனுக்குக் கணக்கப்பிள்ளையைப் பார்க்கப் போனீகல்ல. பன்னெண்டையும் சார்கிட்டக் குடுத்துட்டேன்."

அடங்குன குரல்ல சொல்லுதா. பஸ்ல இருக்கிற அத்தனை பொம்பளைகளும் கேட்டுக்கிட்டு இருக்காக. பெட்டிச் சாவி என் இடுப்புக் கயித்துல இருந்தது. அவ பூட்டைத் தொடவே இல்லை. பெட்டிக்குப் பின்னால கீலு ரெண்டையும் கழட்டி எடுத்திருக்கா. கைவேலைக்காரிதான.

அடிச்சேன். ஒண்ணுதான். ஊர் முன்னால அப்படிப் பண்ணிட்டா, அடிக்காம என்ன செய்ய? கன்னத்துல கையை வைக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தா. பிறகு நான் கேட்டேன், "பன்னெண்டு குடுத்தவ உன்னோடதை ஏன் குடுக்கலை?"

அவ சொன்னா, "நானும் இறங்கிட்டா நீங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து நிப்பீக. சாரைப் பேசுவீக. வீட்டுக்கு வந்து அம்மாவை அடிப்பீக. நான் உங்ககூட வந்துட்டா அவுக படிச்சுக்கிடுவாக."

பதினாலு வயசு டீச்சர். என்னை எவ்வளவு தெரிஞ்சு வச்சிருந்தா பாருங்க.

அப்ப ஞானதுரை சாருக்கு எத்தனை ஆச்சு? இருபத்தி நாலு. ஒரு தலை குறையுது.

அன்னைக்குச் சாயங்காலம் வெயில் தாழ்ந்து, நாங்க பஸ்ஸை விட்டு இறங்கி வந்து கொஞ்ச நேரத்துல அவர் என் வீட்டுக்கு வந்தாரு. இந்த வீட்டுக்குத்தான். இதே இடத்துல நின்னாரு. அதுவரைக்கும் என் வாசப்படி ஏறுனதில்லை. நான் உட்காருங்கன்னு சொல்லலை. அவரும் உட்காரலை. கண்ணு ரெண்டும் பழுத்துக் கிடந்தது.

"கெங்கையா, ஒரு ஆள் குறையுது"ன்னாரு.

"என் பஸ்லயும் பன்னெண்டு ஆள் குறையுது சார்."

"நாளைக்கு ஒரு நாள் ரெங்கநாயகியை அனுப்புங்க. ஒரே ஒரு நாள். தலை எண்ணி ஆபீசர் கையெழுத்துப் போட்டுட்டாருன்னா பள்ளிக்கூடம் நிலைச்சிரும். இந்தப் பன்னெண்டு பிள்ளைகளும் தப்பிச்சிரும். இல்லைன்னா எல்லாரும் நாளைக்கழிச்சு உங்க பஸ்லதான் ஏறணும்."

நான் யோசிச்சேன். அனுப்பலைன்னா ஆர்டர் ரத்தாயிரும், பன்னெண்டும் திரும்ப எங்கிட்ட வந்துரும். அது எனக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வந்து நிக்காரு. ஆனா ஊர் என்னை என்ன பேசும்? கெங்கையா பள்ளிக்கூடத்தைக் கெடுத்தான்னு என் பேரன் காலம் வரைக்கும் பேசும். அதனால சொன்னேன், "ஒரு நாளைக்கு அனுப்புறேன், அவ டி.சி.யும் தாரேன். ஆனா ஒரு பேச்சு. அதோட முடிஞ்சது. நாளைக்கழிச்சு அவ என் பஸ்ல ஏறுவா. நீங்க மரத்தடிக்கு வரக் கூடாது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வான்னு இனிமே ஒருநாளும் கூப்பிடக் கூடாது. நீங்க கிறித்தவர், வேதத்து மேல வாக்குக் குடுங்க."

அவர் தரையைப் பார்த்தாரு. அடுப்படி வாசல்ல ரெங்கநாயகி நிக்கா, அவ அம்மா குருவம்மா நிக்கா. ரெண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கிட்டு நிக்காக.

"சரி"ன்னாரு.

"வாய்விட்டுச் சொல்லுங்க."

"கூப்பிட மாட்டேன். வேதத்து மேல ஆணையாக் கூப்பிட மாட்டேன்"னாரு.

சொல்லிட்டு அவர் அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. படியில இறங்கும்போது செருப்பைக்கூட மாத்தி மாட்டிக்கிட்டுப் போனாரு. ரெங்கநாயகி உள்ள போயி, கழுவி வச்ச பாத்திரத்தையே திரும்ப எடுத்துக் கழுவுனா. அழுகலை. எனக்கு அது திருப்தியா இருந்தது. புரிஞ்சுக்கிட்டாளேன்னு.

மறுநாள் அவ போனா. நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. பக்கத்து வீட்டுல இரவல் வாங்குனது. ஒரு நாளைக்கு எதுக்குப் புதுசு? குருவம்மா தலை சீவி, ரெட்டைச் சடை போட்டு, பூ வச்சு அனுப்புனா. நான் அன்னைக்கு பஸ்ஸுக்குப் போகலை. பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளிய, வேப்ப மரத்தை ஒட்டி நின்னுக்கிட்டேன். ஏதாவது ஏறுக்கு மாறாப் பேசிருவாளோன்னு ஒரு பயம்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் குள்ளமான ஆளு, மூக்குக்கண்ணாடி. வகுப்புக்குள்ள போயி விரலை நீட்டி எண்ணுறாரு. இருபத்தி மூணு, இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு. திரும்ப ஒரு தடவை எண்ணுனாரு. பிறகு சும்மா விடலை மனுசன். கடைசியா உட்கார்ந்திருக்கிற என் மகளை எழுப்பிக் கணக்கு ஒண்ணு குடுத்தாரு. அவ பலகையில போட்டா. சரியாத்தான் போட்டா. ஆபீசர் அவ கையைப் பார்த்துட்டாரு. பசையில கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சிருக்கும். "இது என்ன கையி?"ன்னாரு.

ஞானதுரை சார் மூஞ்சியில ரத்தமே இல்லை. இந்தப் பிள்ளை ஆபீஸ்ல இருந்து ஒரு நாளைக்குக் கொண்டுவந்த பிள்ளைன்னு தெரிஞ்சா அந்த நிமிசமே ஆர்டரைக் கிழிச்சிருவாக. அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பள்ளிக்கூடமும் போச்சு, நானும் போனேன். அவ ஜன்னல் பக்கம் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு சாரைப் பார்த்தா.

"பாத்திரம் விளக்குற சோப்பு ஒத்துக்கலை சார்"ன்னா.

எப்படிச் சமாளிச்சா பாருங்க. ஆபீசர் சிரிச்சாரு. "நல்லாப் படி, நீ பெரிய வேலைக்குப் போவே"ன்னு சொல்லிட்டு வெளிய வந்து மேசையில கையெழுத்துப் போட்டாரு. ஊர்க்காரங்க மாலை போட்டாக. ஞானதுரை சாருக்கும் ஒரு மாலை. அவர் வாங்கிக்கிடலை, தலை வலிக்குதுன்னு உள்ள போயிட்டாரு.

இதுதான் டீச்சர் நான் சொல்ல வந்தது. பன்னெண்டு வீட்டுல அவனவன் பிள்ளை படிக்கப் போச்சு, அது அவனவன் லாபம். நான் ஒருத்தன்தான் எந்த லாபமும் இல்லாம ஊருக்காகப் பெத்த பிள்ளையைக் குடுத்தேன். ஒரு நாள்னாலும் குடுத்தது குடுத்ததுதான்.

மறுநாள் அவ பஸ்ல ஏறிட்டா. நானா ஏதாவது கேட்டாலும் பதில் இல்லை. சரி, நாலு நாளைக்கு இருக்கும்னு நினைச்சேன்.

பஸ்ஸும் ரொம்ப நாள் ஓடலை. பதினெட்டுப் பேருக்கெல்லாம் பஸ் விட முடியாதுன்னு கணக்கப்பிள்ளை ஆகஸ்டு பதினாறோட நிறுத்திட்டாரு. பன்னெண்டு வருசம் மழையின்னும் வெயிலுன்னும் பாராம ஆள் குடுத்திருக்கேன், ஒரு வார்த்தை, ஒரு யோசனை இல்லை. பதினேழு பொம்பளைகளும் என் வாசல்ல வந்து மண்ணைத் தூத்திட்டுப் போனாக. நானா பஸ்ஸை நிறுத்துனேன்?

பஸ் நின்னு ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ, ஞானதுரை சார் திரும்ப வந்தாரு. இந்தத் தடவை உள்ள வரலை, தெருவுல சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "கெங்கையா, இனி பஸ்ஸும் இல்லையே"ன்னாரு.

"அதுக்கு?"

"ரெங்கநாயகி பேரை நான் இன்னும் அடிக்கலை."

"வேதத்து மேல சொன்னீக சார்"னேன்.

"நான் கூப்பிடலை. நீங்களா அனுப்புங்கன்னுதான் சொல்ல வந்தேன்"னாரு.

"பேச்சுன்னா பேச்சுதான் சார். நான் குடுத்த வார்த்தையை நான் காப்பாத்துனேன். நீங்களும் காப்பாத்துங்க"ன்னேன். அவர் சைக்கிள்ல ஏறலை, உருட்டிக்கிட்டே போனாரு. உள்ள திரும்பிப் பார்த்தா குருவம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. "பஸ்ஸே இல்லையே, இப்ப எந்தச் சீட்டுல உட்கார வைக்கப் போறீக அவளை?"ன்னா. நீ உள்ள போடின்னுட்டேன். ஆம்பளைக பேசி முடிச்ச விசயம் அது. நானா போயிப் பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னா நான் தோத்துப் போனதாத்தான ஆகும்?

ரெங்கநாயகி வீட்டுல இருந்து பெட்டி ஒட்டுனா. அட்டை கட்டுக் கட்டா வீட்டுக்கே வந்துரும். அஞ்சு வருசம் ஒட்டுனா. பிறகு மேற்க நாலு மைல்ல ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் குடுத்தேன், நல்ல பையன்தான், ஆட்டோ ஓட்டுறான்.

பள்ளிக்கூடம் வளர்ந்ததெல்லாம் உங்ககிட்டயே இருக்கும், நான் சொல்லணுமா? மொத பத்தாவது பரீட்சையில இருபத்தி நாலு பேருக்கு இருபத்தி ரெண்டு பேரு பாஸு. அதைப் பார்த்துட்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரனெல்லாம் கொண்டாந்து சேர்த்தான். ரெண்டாயிரத்து ரெண்டுல புதுக் கட்டடம். பிறகு லேப்பு, சுத்துச்சுவர், பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கக்கூசு. பிளஸ் டூ வந்தப்ப மந்திரி வந்தாரு. முத்துக்கனி இப்ப மதுரையில பெரியாஸ்பத்திரி நர்சு. வேலுத்தாய் வி.ஏ.ஓ. ஒருத்தி டீச்சர், உங்களை மாதிரி. என் பஸ்ல ஏறுன பிள்ளைகதான் எல்லாம். ஊருக்கு வந்தா என்னைப் பார்க்கிறதில்லை, அது வேற விசயம்.

ஞானதுரை சார் ரிட்டையர் ஆகும்போது ஒரு கூட்டம் போட்டாக. நானும் போயிப் பின்னால உட்கார்ந்தேன். அவர் பேசும்போது இந்தப் பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்துன பிள்ளைகன்னு மொத வருசத்துப் பிள்ளைக பேரை ஒண்ணொண்ணாச் சொன்னாரு. இருபத்தி நாலு பேரைச் சொன்னாரு. பிறகு தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. இன்னொண்ணு சொல்லுவாருன்னு நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டுத் தயாரா இருந்தேன். அவர் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு, நன்றி வணக்கம்னுட்டு உட்கார்ந்துட்டாரு. எனக்கு வருத்தம்தான். எம் மக பேரைச் சொல்ல வாய் வரலையே அந்த மனுசனுக்கு.

எழுதுறதை நிறுத்திட்டீகளே. சரி, பேனாவை மூடிக்கோங்க. இனி சொல்றது மலருக்கு இல்லை.

ரெங்கநாயகி எங்கிட்டப் பேசறதில்லை டீச்சர். கல்யாணத்தன்னைக்குக் கால்ல விழுந்தா, எல்லாரும் பார்க்காகளேன்னு. அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரலை. இருபது வருசம் ஆகுது. குருவம்மா மாசத்துக்கு ஒரு தடவை போயிட்டு வருவா. இன்னைக்கும் அங்கதான் போயிருக்கா. நான் நல்லவிதமாக் கட்டிக் குடுத்தேன், ஒரு குறை வைக்கலை. எதுக்கு இம்புட்டுக் கோவம்னு எனக்கு விளங்கலை. ஒரு அறை அடிச்சதுக்கா இருபது வருசம்?

அவளுக்கு ஒரு மக இருக்காளாம். உங்க பள்ளிக்கூடத்துலதான் ஒன்பதாவது படிக்காளாம். ரெண்டு மாசத்துக்கு முன்னால குருவம்மா வாய்தவறிச் சொல்லிட்டா. பேரு என்னன்னு கேட்டேன். சொல்லலை. எப்படி இருப்பான்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்லை. "அந்தப் பிள்ளை உங்க கண்ணுல படாம படிச்சு முடிக்கட்டும்"ன்னுட்டா. ஊர்ல வேற யார்கிட்டக் கேக்க? ஏசண்டுக்குத் தன் பேத்தியைத் தெரியலைன்னு சிரிப்பானுக.

அதுக்குத்தான் நாலரை மணிக்கு இந்தச் சேரை வாசல்ல எடுத்துப் போட்டுக்கிடுதேன். அந்தப் புளியமரத்தடியில மேற்க போற பஸ்ல நாப்பது பிள்ளைக ஏறுதுக. எல்லாம் ஒரே சட்டை, ஒரே சடை, முதுகுல மூட்டை. நேத்து ஒரு பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிச்சது. ரெங்கநாயகி சாடை இருந்த மாதிரிப் பட்டது. எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சேன். அது எனக்குப் பின்னால வந்த ஐஸ் வண்டிக்காரனைப் பார்த்துச் சிரிச்சிருக்கு.

நீங்கதான் ஒன்பதாவதுக்குத் தமிழ் எடுக்கிறீகன்னு சொன்னாக. உங்க ரிஜிஸ்டர்ல அம்மா பேரு போட்டிருப்பீகல்ல. நான் கிட்டப் போக மாட்டேன், பேச மாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளை பஸ் ஏற வரும்போது நீங்களும் கூட வாங்க. எந்தப் பிள்ளைன்னு கையைக்கூட நீட்ட வேண்டாம், அதுகிட்ட நின்னு ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க. நான் பார்த்துக்கிடுவேன்.

என்ன டீச்சர், எந்திரிச்சிட்டீக?

மாட்டேன்னு தலையை ஆட்டுறீகளா, யோசிக்கிறேன்னு ஆட்டுறீகளா? எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லை. வாய்விட்டுச் சொல்லிட்டுப் போங்க.